அடிக்கு இவ்வளவா, தலைக்கு இவ்வளவா? மனநோய் வைத்தியத்துக்குக் காசு கொடுத்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க.

2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் ஆரம்பிச்சப்போ, எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு பணம்னு ஒரு பெரிய பட்டியல் போட்டாங்க. இருதய ஆபரேஷன், மூட்டு மாத்தறது, டயாலிசிஸ் எல்லாம் இருக்கிற அந்தப் பட்டியல்ல மனநோய்க்குன்னும் 17 தொகுப்புகள் இருந்துச்சு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான்னு ஒதுக்கியிருந்தாங்க. பத்திரிகைகள்ல இது பெருசா வரலை. ஆனா நம்ம ஊர் வரலாற்றுல இது ஒரு திருப்பம்னு எனக்குப் படுது. அரசு மனநல ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு பட்ஜெட் ஒதுக்குற பழக்கத்துக்குப் பக்கத்துல, 'என்ன வைத்தியம் பாத்தீங்க, எத்தனை நாள் படுக்க வெச்சீங்க, அனுமதி வாங்குனீங்களா' என்று கேட்டுட்டுப் பணம் கொடுக்கிற பழக்கம் வந்து நின்னுச்சு.

இதுக்கு வெளிநாட்டுல 'மேனேஜ்டு கேர்'னு பேரு. தமிழ்ல சொல்லணும்னா, காசு கொடுக்கிறவன் வைத்தியத்துக்கும் கணக்குப் பார்க்கிற முறை. புரியறதுக்கு நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டியை விட நல்ல உதாரணம் கிடையாது.

போர் போடறதுக்கு அடிக்கு இவ்வளவுன்னு ரேட். அடிக்கணக்குல பேசினா, தண்ணி வரலைன்னாலும் "இன்னொரு நூறடி போய்ப் பாத்துரலாங்க" என்று சொல்லத்தான் தோணும். அதையே "தண்ணி வந்தாலும் வராட்டியும் மொத்தமா இவ்வளவு" என்று பேசிப் பாருங்க. முந்நூறு அடியிலேயே "இதுக்கு மேல பாறைங்க, வராது" என்று வண்டியைக் கெளப்பத் தோணும். (ரிக் வண்டி வெச்சிருக்கிற சொந்தக்காரங்க கோவிச்சுக்காதீங்க, மனுஷ சுபாவத்தைச் சொன்னேன் :-) ) வைத்தியமும் இப்படித்தான். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா காசுன்னா வேலை பெருகும். தலைக்கு இவ்வளவுன்னு மொத்தமா கொடுத்தா வேலை சுருங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தர் உக்காந்து, "இது தேவை, இது தேவையில்லை" என்று சொல்றதுதான் மேனேஜ்டு கேர். எந்த முறையா இருந்தாலும், எதுக்குக் காசு கொடுக்கிறோமோ அது நடக்கும், எதுக்குக் கொடுக்கலையோ அது நின்னு போகும்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு இருநூத்திச் சொச்சம் வருஷம் பின்னாடி போவோம்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைல திப்பு சுல்தான் கிட்ட இருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்துச்சு. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகம் பார்க்க வந்தார், கூட உதவிக்கு தாமஸ் மன்றோ. அவங்க இங்க நிலத்தை அளந்துக்கிட்டு இருந்த அதே காலத்துல, 1794-ல், மெட்ராஸ்ல வாலண்டைன் கனோலின்னு ஒரு கம்பெனி டாக்டர் சித்தம் கலங்கினவங்களுக்குன்னு ஒரு வீடு ஏற்பாடு பண்ணினார். தென்னிந்தியாவில் மனநோய்க்குன்னே வந்த முதல் விடுதிகள்ல ஒண்ணு அது. நாம பாடத்துல படிக்காத விஷயம் என்னன்னா, அது அரசாங்க ஆஸ்பத்திரி இல்லை. தனியார் சொத்து. டாக்டர் நடத்துவார், கம்பெனி பணம் கொடுக்கும். கனோலிக்குப் பிறகு அது இன்னொரு டாக்டர் கைக்கு மாறி, அப்புறம் டால்ட்டன் என்கிறவர்கிட்ட வந்து, 'டால்ட்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி'ன்னே பேர் வாங்குச்சு. கடை கைமாறுற மாதிரி!

அரசாங்கம் காசு கொடுக்குது, தனியார் நடத்துறாங்க, நோயாளி உள்ளே இருக்கிற வரைக்கும் வருமானம். இப்ப புதுசுன்னு நாம நினைக்கிற ஏற்பாடு, நம்ம மாகாணத்துல பழசுலயும் பழசு. இந்த ஏற்பாட்டுல, ஒருத்தர் குணமாகி வீட்டுக்குப் போனா அதனால லாபம் யாருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. நோயாளிக்குத்தான், வேற யாருக்கும் இல்லை.

அப்புறம் அரசாங்கமே நேரடியா நடத்த ஆரம்பிச்சு, 1871-ல் கீழ்ப்பாக்கத்துல லோகாக் தோட்டம்னு சொன்ன இடத்துக்கு ஆஸ்பத்திரி வந்துச்சு. ஆரம்பத்துல 145 பேர். 1922-ல் அரசு மனநல மருத்துவமனைன்னு பேர் மாத்தினாங்க, 1978-ல் மனநலக் கல்வி நிலையம் ஆச்சு. ஊர்ப்பக்கம் இன்னிக்கும் 'கீழ்ப்பாக்கம் கேஸு'ன்னு ஒருத்தரைக் கிண்டல் பண்றோம் பாருங்க, அதுக்கு மூலம் இது. (அந்தக் கிண்டலை நிறுத்தறதுக்கு ஒரு தனிப் பதிவு போடணும்.)

கீழ்ப்பாக்கத்துல பணம் தலைக்கும் இல்லை, அடிக்கும் இல்லை. வருஷ பட்ஜெட். ஆனா கதவு இருந்துச்சு. 1912 பைத்தியச் சட்டத்துப்படி, ஒருத்தரை உள்ளே சேர்க்கறதுல மாஜிஸ்திரேட் உத்தரவுதான் முக்கிய வழி. டாக்டருக்கு முன்னாடி கோர்ட். சேலத்துல இருந்து மெட்ராஸ் சுமார் 340 கிலோமீட்டர். கையெழுத்து வாங்கி, ரயிலேத்தி, கொண்டுபோய் விட்டுட்டு வந்தா திரும்பப் போய்ப் பார்க்கிறதுக்கே வழி இருக்காது. 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை மொத்த இந்தியாவுக்கும் மனநோய்ப் படுக்கை சுமார் 10,000 தான்னு சொல்லுச்சு, 40,000 பேருக்கு ஒண்ணு. இங்கிலாந்துல 300 பேருக்கு ஒண்ணு. நம்ம நாட்டுல செலவைக் கட்டுப்படுத்த தனியா ஒருத்தர் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தூரமே அந்த வேலையைப் பார்த்துச்சு.

அப்ப நம்ம சனங்க என்ன பண்ணினாங்க? கோயிலுக்குப் போனாங்க. திருச்சி நாமக்கல் ரோட்டுல, திருச்சிக்கு 20 கிலோமீட்டர் இந்தப்பக்கம் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். ஒரு மண்டலம், 48 நாள் தங்கி, வேளாவேளைக்குத் தீர்த்தம். நம்ம பக்கத்துல 'குணசீலம் கூட்டிட்டுப் போனாங்க'ன்னு சொன்னா என்ன விஷயம்னு எல்லாருக்கும் புரிஞ்சிரும். முஸ்லிம் இந்துன்னு பாகுபாடு இல்லாம ராமநாதபுரம் ஏர்வாடி தர்காவுக்கும் போனாங்க. அங்க தர்காவைச் சுத்தி தனியார் காப்பகங்கள் முளைச்சுச்சு. தலைக்கு மாசம் இவ்வளவுன்னு குடும்பம் பணம் கட்டிரும், இவங்க பார்த்துக்குவாங்க. கனோலி வீட்டோட அதே கணக்கு, கேள்வி கேக்க ஒரு அரசாங்கம் கூட இல்லாம. ஆள் குறைவா வெச்சு நடத்தணும்னா என்ன வழி? சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சப்போ, கட்டிப்போட்டிருந்தவங்களால எந்திரிச்சு ஓட முடியலை. 28 பேர் செத்தாங்க.

அந்த 28 பேரை வெறும் மூடநம்பிக்கைக்குப் பலியானவங்கன்னு எழுதறது சுலபம். எனக்கு அது பாதி உண்மைன்னுதான் தோணும். பக்கத்துல வைத்தியம் இருந்து அதை விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர், இல்லாததால போனவங்க எத்தனை பேர்? தாலுகா ஆஸ்பத்திரியில ஒரு மாத்திரை கிடைச்சிருந்தா அந்தச் சங்கிலியில பல பேர் இருந்திருக்க மாட்டாங்க.

அப்படி ஒரு மாத்திரையைப் பக்கத்துல கொண்டு வர்ற முயற்சி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்துச்சு. வேலூர் சி.எம்.சி. 1957-ல் ஆரம்பிச்ச மனநல மையத்துல குடும்பத்து ஆள் நோயாளி கூடவே தங்கணும்னு வெச்சாங்க. கீழ்ப்பாக்கத்துல 1961-ல் இருந்து 1978 வரை தலைமைப் பொறுப்புல இருந்த டாக்டர் சாரதா மேனன், வெளிநோயாளிப் பிரிவை வளர்த்து, பூட்டை ஒவ்வொண்ணா திறந்தார். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்துச்சு. 1985 வாக்குல பெங்களூர் நிம்ஹான்ஸ்காரங்க பெல்லாரி மாவட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே பயிற்சி கொடுத்து மனநோய் பார்க்க வைக்க முடியுமான்னு செஞ்சு பார்த்தாங்க. முடிஞ்சுது. அந்த மாதிரியை வெச்சு 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நாடு முழுக்க நாலே நாலு மாவட்டத்துல தொடங்குச்சு: ஆந்திராவுல மேடக், அசாம்ல நகாவ், ராஜஸ்தான்ல சீகர், தமிழ்நாட்டுல நம்ம திருச்சி.

நாமக்கல் சேலத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1. அடுத்தடுத்த கட்டங்கள்ல மாவட்ட மனநலத் திட்டம் கிடைச்ச தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல நாமக்கல்லும் ஒண்ணு. திட்டம் இதுதான்: ஒரு மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ்னு ஒரு குழு. அவங்க மாவட்டத் தலைநகர்லயே உக்காந்திருக்காம, குறிப்பிட்ட கிழமைகள்ல தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போவாங்க. மாத்திரை இலவசம். இதுல கதவு எங்கே இருக்குன்னு பாருங்க. கோர்ட்டுல இல்லை, மெட்ராஸ்ல இல்லை. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்து போற தூரத்துல.

குறை இல்லாமலா? இருந்துச்சு. ஆரம்பத்துல மத்திய அரசு பணம் அஞ்சு வருஷத்துக்குத்தான். அப்புறம் மாநிலம் பார்த்துக்கணும். பல மாநிலங்கள்ல அஞ்சாவது வருஷத்தோட படுத்துருச்சு. தமிழ்நாடு விடாம புடிச்சு, பின்னாடி எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு போச்சு. இதை நாம கொஞ்சம் பெருமையா சொல்லிக்கலாம்.

இப்ப அமெரிக்கா பக்கம் ஒரு எட்டு. ஏன்னா பட்டியல், அனுமதி, தொகுப்பு எல்லாம் ஊர் சுத்தி வந்த வழி அதுதான்.

1933-ல் சிட்னி கார்ஃபீல்டுன்னு ஒரு டாக்டர் கலிபோர்னியா பாலைவனத்துல கால்வாய் வெட்டுற தொழிலாளிகளுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வெச்சார். அடிபட்டு வந்தாத்தான் காசுன்னு இருந்ததுல கடன்ல மூழ்கினார். அப்புறம் 'ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட் முன்கூட்டியே கொடுத்துருங்க, எது வந்தாலும் நான் பார்த்துக்கறேன்'னு மாத்தினார். உடனே என்ன ஆச்சு தெரியுமா? வேலை நடக்கிற இடத்துக்குப் போய், நீட்டிக்கிட்டு இருக்கிற ஆணியை எல்லாம் அடிச்சு மடக்க வெச்சார்! ஒருத்தனும் அடிபடலைன்னாத்தானே அவருக்கு மிச்சம். தலைக்கு இவ்வளவுங்கிற கணக்கோட நல்ல முகம் இது. இதுல இருந்து வளர்ந்ததுதான் கைசர் நிறுவனம். 1973-ல் நிக்சன் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம் இந்த மாதிரி அமைப்புகளை நாடு முழுக்கப் பரப்புச்சு.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுல மனநோய்ப் பகுதியை மட்டும் தனியா வெட்டி எடுத்து, ஒரு தனியார் கம்பெனிகிட்ட கொடுத்து 'நீ கணக்குப் பாரு'ன்னு சொன்னது மாசசூசெட்ஸ் மாநிலம், 1992-ல். எதிர்பார்த்ததை விடச் செலவு 22 சதவீதம் குறைஞ்சுது, வைத்தியம் கிடைக்கிறது மொத்தத்துல குறையலைன்னு ஆய்வு சொல்லுச்சு. முக்கியமா ஆஸ்பத்திரிப் படுக்கைல செலவைக் குறைச்சாங்க. இதைப் பார்த்து 1996-ல் டென்னசி மாநிலமும் செஞ்சுது. அங்க அடி வாங்கினாங்க. தீவிர மனநோய் உள்ளவங்களுக்குன்னு இருந்த பணத்தை மொத்த சனத்துக்கும் தலைக்கு இவ்வளவுன்னு பரப்பினதுல, ரொம்ப நோய்வாய்ப்பட்டவங்களுக்கு வந்துக்கிட்டிருந்த உதவி மெலிஞ்சு போச்சு. ஒரே முறை, ரெண்டு மாநிலம், ரெண்டு முடிவு. பணத்தை எதுல கட்டினாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். 2009 ஜூலை 23-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள உள்ள குடும்பங்களுக்கு, அரசு பிரீமியம் கட்டும், காப்பீட்டுக் கம்பெனி நடத்தும். பெரிய ஆபரேஷன்களை மனசுல வெச்சு உண்டான திட்டம். 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா புது உரு எடுத்துச்சு. 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோட இணைஞ்சு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்னு ஆச்சு. இதுல நடுவுல உக்காந்து அனுமதி கொடுக்கிற கம்பெனிகள் இருக்கு. கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போகும், 'சரி'ன்னு வந்தாத்தான் வைத்தியம். அரசு ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பணம் வரும், அதுல ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாவும் போகும்.

நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லைங்க. இருதய ஆபரேஷனுக்கு நிலத்தை வித்த குடும்பங்களைப் பார்த்த ஊர் இது. கார்டைக் காட்டி உயிர் பொழைச்சவங்களும் இங்கதான் இருக்காங்க. நான் கேக்கிறது, இந்த அச்சுல மனநோயை ஊத்தினா என்ன வடிவம் வரும்ங்கிறதுதான்.

ஆயுஷ்மான் பாரத் விதி: ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம். சேர்றதுக்கு முன்னாடி 3 நாள் செலவும், வெளியே வந்த பிறகு 15 நாள் மருந்தும் அதுக்குள்ள அடக்கம். குடல்வால் ஆபரேஷனுக்கு 15 நாள் போதும். மனச்சிதைவு நோய்க்கு 15 நாள் என்ன கணக்கு?

பள்ளிபாளையம் பக்கம் ஒரு விசைத்தறித் தொழிலாளின்னு வெச்சுக்கங்க. கூலி ஓட்டின மீட்டருக்கு. தறி முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கார். சம்சாரத்துக்கு மனச்சிதைவு. மாத்திரை சாப்பிட்டா சமைக்குது, தறியில நூலும் போடுது. மாத்திரை நின்னா மூணே மாசத்துல பழையபடி ராத்திரி எந்திரிச்சு ரோட்டுல நடக்கும். அந்தக் குடும்பத்துக்குத் தேவை வருஷத்துல 12 தடவை, ஒரு நாள் கூலி போகாம, பக்கத்து ஆஸ்பத்திரியில மாத்திரையும், 'எப்படிம்மா இருக்கே'ன்னு கேக்க ஒரு ஆளும். இந்தப் பன்னிரண்டு தடவைக்குப் பட்டியல்ல தொகுப்பு கிடையாது. அது சரியா நடந்தா அந்தம்மா படுக்கைக்கே வராது, காப்பீட்டுல ஒரு ரூபாயும் எழுத முடியாது. அது நடக்காம, நோய் முத்தி, கட்டித் தூக்கிட்டு வந்து சேர்த்தா, நாளைக்கு இவ்வளவுன்னு பணம் வரும். ஆணியை மடக்கினவருக்கு ஒண்ணுமில்லை, காலைக் கிழிச்சுட்டு வந்தாத்தான் காசு!

உடனே பெரிய கெடுதல் வந்துரும்னு நான் சொல்லலை. மாவட்டக் குழு தனி நிதியில தனியா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா நாளாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகி எதைக் கவனிப்பார்? பணம் கொண்டு வர்ற வார்டையா, பணம் கேக்கிற ஜீப்பையா? டாக்டர் பற்றாக்குறைன்னா முதல்ல எதை நிறுத்துவாங்க, வார்டு ரவுண்டையா, ராசிபுரம் போற நாளையா? 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி மனநோய் உள்ளவங்கள்ல வைத்தியம் கிடைக்காதவங்க, நோயைப் பொறுத்து, 70-ல் இருந்து 92 சதவீதம். இவங்க யாரும் படுக்கைக்காகக் காத்திருக்கலை. வாசல் வரைக்கே வரலை.

நல்ல சேதியும் இருக்கு. சட்டம் நம்ம பக்கம். 2018 மே மாசம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தை (2017) பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனிகளைப் பத்தின பிரிவுக்காகத்தான் பேசறாங்க. உடல் நோய்க்கு இருக்கிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கணும்னு சொல்ற 21-ஆம் பிரிவு அது. நான் அதை விட 18-ஆம் பிரிவைப் பெருசா நினைக்கிறேன். அத்தியாவசியப் பட்டியல்ல உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்துல இருந்து மேல உள்ள எல்லா அரசு ஆஸ்பத்திரிகள்லயும் எப்பவும் இலவசமா இருக்கணும்னு அது சொல்லுது. மாவட்டத்துல அரசு வைத்தியம் இல்லைன்னா, அதே மாவட்டத்துல வேற இடத்துல பார்த்துக்கற செலவு அரசாங்கத்தோடதுன்னும் சொல்லுது. இது ஏட்டுல இருக்கிற உரிமை. கேக்கிறவங்க கம்மி.

வழி காட்டறதுக்கும் வெளியே போக வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கின சாமனப்பள்ளி, இன்னிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். 1965 வரைக்கும் அது நம்ம பழைய சேலம் ஜில்லாவுக்குள்ளதான் இருந்துச்சு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வர முடியும்னா, மாசாமாசம் சாப்பிட வேண்டிய இன்னொரு மாத்திரைக்கும் அதே வழிதானே? எண்ண வேண்டியது எத்தனை பேர் படுத்தாங்கன்னு இல்லை. போன வருஷம் மாத்திரை ஆரம்பிச்சவங்கள்ல எத்தனை பேர் இந்த வருஷமும் விடாம சாப்பிடறாங்க, எத்தனை பேர் வேலைக்குப் போறாங்க. அந்தக் கணக்குக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பாருங்க, ஜீப் தானா கெளம்பும்.

1794-ல் உள்ளே இருக்கிறதுக்குப் பணம் கொடுத்தோம், உள்ளே இருந்தாங்க. ஏர்வாடியில கட்டி வெக்கறதுக்குக் கொடுத்தோம், கட்டி வெச்சாங்க. இப்ப படுக்கைக்குக் கொடுக்க ஆரம்பிச்சிருக்கோம்.

வீட்டுல யாருக்காவது தேவைன்னா: 14416, அரசு மனநல உதவி எண், காசு இல்லை, தமிழ்லயே பேசலாம். உங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநலக் குழு எந்தக் கிழமை வருதுன்னு ஒரு தடவை விசாரிச்சு, பின்னூட்டத்துல ஊர் பேரோட எழுதுங்க. அந்தந்த ஊர்க்காரங்களுக்கு உபயோகப்படும்.